மெதுவான ரவை

துவக்குச் சத்தத்திலிருந்து தப்பி வந்தவர்கள் நாம். துவக்கை விளையாட்டாகக் கொண்ட ஒருவரை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? மொன்றியலில் இது எமக்கு வெறும் தத்துவ விசாரமல்ல. உணவகக் குசினிகளில் எம்மோடு நின்று இறைச்சி வெட்டுகிற கியூபெக்காரர் சிலர், லீவு நாளில் வீட்டு நிலவறையில் இருந்து தமது றிவோல்வருக்கான ரவைகளைத் தாமே செய்கிறார்கள். இங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு.

சுட்ட பித்தளைக் கோதை அவர்கள் எறிவதில்லை. அடியிலுள்ள பழைய வெடிமூட்டியைத் தள்ளி எடுத்து, கோதை அச்சில் இட்டு ஒடுக்கி, புதிய மூட்டியைப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்துகிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்லப்படும் பாடம் ஒன்றுதான்: அச்சிட்ட கையேட்டின் அளவை மீறாதே, மெதுவான ரவையோடு தொடங்கு. பயிற்சிக் குண்டின் முகம் தட்டையானது. தாளில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை விழும். புள்ளி எண்ண வசதி.

வன்னி வேட்டைக்காரரும் இடியன் துவக்கின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தும்பு வைத்து இடித்து, சன்னம் போட்டவர்கள்தான். அளவு அவர்கள் கையில் இருந்தது. பின்னர் ரவைகள் பெட்டி பெட்டியாக வந்தன. அவற்றை எவரும் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. சிறுவர்களாயிருந்த எமக்குக் கிடைத்தவை வெற்றுக் கோதுகள் மட்டுமே. பொறுக்கி ஊதி விளையாடினோம்.

மெதுவான ரவைக்கென்று ஓர் ஆபத்து உண்டு. முப்பத்தெட்டு ஸ்பெஷல் ரவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரிமருந்தை நிரப்புவதற்கென அமைந்தது. இன்றைய புகையில்லா மருந்து அக்கோதின் அடியில் கொஞ்சமாகவே கிடக்கும். கைதவறி இருமுறை போட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. துவக்கே கையில் வெடிக்கலாம். மருந்து விழாமலே போனால் மூட்டியின் விசையில் குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும். அடுத்த சூடு அதில் மோதும். ஆகவே குண்டு வைக்குமுன் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்க்கவேண்டும். மென்மை ரவையின் குணமல்ல. அது பார்க்கிற கண்ணில் இருக்கிறது.

இந்தக் கவனத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அதை அறம் என்று சொல்லலாமா?

1989 டிசம்பர் 6இல் இந்நகரின் எக்கோல் பொலிடெக்னிக்கில் ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். 2006 செப்டெம்பர் 13இல் டோசன் கல்லூரியில் இன்னொருவன் ஒரு மாணவியைக் கொன்றான். இருவரின் ஆயுதங்களும் சட்டப்படி வாங்கப்பட்டவை. இரண்டாமவன் துவக்குக் கழகமொன்றில் பழகியவன். அவனும் தாளில் ஓட்டை எண்ணியவனே. அதன் பின்னர் கியூபெக் சுடுகளங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையைக் கனடா நிறுத்தியது. இதனால் நோகிறவர்கள், பிழை செய்யாத பொறுமைசாலிகள். அவர்களுடைய மனக்குறை பொய்யல்ல.

எனினும், கோதுக்குள் பார்ப்பவர் தன் விரலையும் கண்ணையும் காக்கிறார். அது எச்சரிக்கை. அறம், தாளுக்கு அப்பால் பார்ப்பதில் தொடங்குகிறது: இதே கோது, இதே மருந்து, இதே பழகிய கை வேறெங்கே போகக்கூடும் என்று கேட்பதில். ரவையைத் தொடாதவர்களுக்கும் இக்கேள்வி உரியதே. உத்தரவிட்டவர், விற்றவர், தொலைவில் இருந்து கைதட்டியவர் எவரும் எந்தக் கோதுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை. நிலவறையில் விளக்கோடு குனிந்திருக்கும் அந்த மனிதர் அவர்களைவிட ஒரு படி நேர்மையானவர்: தான் செய்த ரவைகள் எத்தனை என்பது அவருக்குத் தெரியும்.

விளையாட்டை வெறுக்கும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. தட்டையான குண்டு சுத்தமான ஓட்டை போடுவது தாளில் மட்டும்தான் என்பதை அறிந்தவர்கள் இந்நகரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் எழுதுகிறபோது அவர்களையும் கேட்கலாம்.