இறந்துபோன குருவியும் இறைத்தூதரின் விசாரிப்பும்



மதீனாவில் அபூ உமைர் என்றொரு சின்னஞ்சிறு பிள்ளை. அனஸ் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பி. அவர் வைத்து விளையாடிய குருவி இறந்துவிட்டது. முகம் வாடியிருந்த அந்தப் பிள்ளையை, பெரியவர்களை அழைப்பது போல ‘அபூ உமைரே’ என்று அழைத்து, குருவி என்னவாயிற்று என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். புகாரியிலும் மற்ற நூல்களிலும் வரும் செய்தி இது.

சமுதாயத்தின் தலைவர், ஒரு குழந்தையின் குருவிக்காக நேரம் ஒதுக்கினார்கள்!

நாம் என்ன செய்கிறோம்? மகன் அழுதால், “ஆம்பளப் பிள்ளை அழலாமா?” என்று அதட்டுகிறோம். இல்லையென்றால் கையில் செல்போனைக் கொடுத்து வாயை அடைக்கிறோம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். மக்தபில் ஐந்து வயதுப் பிள்ளை ஒருநாள் ஓதாமல் வாய்மூடி உட்கார்ந்திருந்தான். அதட்டினேன். அவன் வளர்த்த பூனை அன்று காலையில்தான் செத்துப்போனது என்று பிறகே தெரிந்தது. மறுநாள் பூனையைப் பற்றிக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னான். சொல்லி முடித்ததும் தானாகவே கிதாபைத் திறந்து ஓதினான்.

மனதில் பாரம் இருக்கும்போது பிள்ளைக்குப் பாடம் ஏறாது, சகோதரர்களே!

இன்று வீட்டுக்குப் போனதும் “எத்தனை மார்க்?” என்று கேட்பதற்கு முன்னால், “ஏன்மா முகம் வாடியிருக்கு?” என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். அதுவும் சுன்னத்தான வழிமுறைதான்.

பிள்ளைகளின் உள்ளமறிந்து வளர்க்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.