இறுக்கமும் பிடிப்பும்

புத்தளம் மாவட்டத்து உடப்பில் ஒரு துவிச்சக்கர வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதனைச் செய்த தொழிற்சாலை மட்டுமன்று. ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்பும் நெருக்கும் அந்த ஒடுங்கிய நிலத்தில் ஓயாது வீசும் உப்புக்காற்றுக்கும் அதிற் பங்குண்டு. இரும்பு இரும்போடு முட்டும் இடங்களிலே, அதாவது போல்டின் மரைகளிலே, துரு முதலிற் குடியேறுகிறது. அதற்கு மேலாக, வண்டிக்காரன் வீட்டு முற்றத்திற் குந்தியிருந்து சக்கரத்து நட்டை, 'இன்னும் ஒரு சுற்று' என்று பல்லைக் கடித்து முடுக்கியும் விடுகிறான். பின்னொரு நாள் அதனைக் கழற்ற வேண்டி வரும்போது நட்டு அசைவதில்லை. சாவி வழுக்கி நட்டின் மூலைகள் மழுங்குகின்றன. விரல் முட்டிகளிற் குருதி கசிகிறது.

இது வெறும் கைப்பிழையா, அன்றி ஓர் ஒழுக்கப் பிரச்சினையா? வினா அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் சற்று நின்று நோக்குவோம்.

முடுக்கப்பட்ட போல்ட் உண்மையில் ஒரு வில்லைப் போன்றது. நட்டைத் திருகும்போது போல்ட் மிக நுண்ணிய அளவில் நீளுகிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவிசையே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் செலுத்தும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவிசையாக மாறுகிறது. எஞ்சியதெல்லாம் மரையின் உராய்விலும் நட்டின் அடியுராய்விலும் கழிந்து போகிறது. துருவேறிய மரையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே கை உணரும் கடினம் பெரும்பாலும் துருவின் கடினமே. அதாவது, மிக வலுவாக முடுக்கிவிட்டோம் என்று நம் கை சான்று சொல்லும் வேளையில் பிடிப்பு குறைவாக இருத்தலும் கூடும். மறுபுறம், எல்லை தாண்டி நீண்ட போல்ட் பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. வெளிப்பார்வைக்கு அது முன்னிலும் உறுதியாகத் தெரியும். உள்ளேயோ உருக்குலைந்து நிற்கும்.

'மரை கழன்றவன்' என்று தளர்ந்தவனை நகையாடப் பழகியிருக்கிறது நம் மொழி. மரை நசுங்குமளவு இறுகியவனைப் பற்றி அதே உலகம் 'உறுதியானவன்' என்று பாராட்டிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம்.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று சொல்லி வண்டிக்காரனை அனுப்பிவிடுதல் எளிது. நமக்கு அது போதாது. அவன் ஏன் முடுக்குகிறான்? அச்சத்தினால். பின்னிருக்கையில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியலிற் புறப்படுபவனுக்கு நடுவழியிற் சக்கரம் கழன்றால் அன்றைய மீன் கெடும். அன்றைய அடுப்பு எரியாது. வேறு வண்டி உள்ளவன் அளவோடு முடுக்கலாம். ஒரே வண்டியை நம்பி வாழ்பவனிடம் நிதானத்தைப் போதிப்பவர்கள், அவனுடைய அச்சத்தின் காரணத்தை அகற்ற என்ன செய்தார்கள் என்று முதலிற் கேட்போம். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது இலங்கையின் நகரத்து நடுத்தர வர்க்கமும் சைக்கிளைத் தேடி ஓடியதை நாம் கண்டோம். பிடித்த நட்டை இளக்க ஏழை வீடுகள் நம்பியிருந்த மண்ணெண்ணெய், அதே ஆண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. இயந்திரப் படகுகளுக்கு அது நேர்ந்த பேரிடி. நட்டின் கதை அதன் ஓரத்திற் கிடந்த ஒரு சிறு துணுக்கு.

ஆனால் அச்சம் காரணத்தை விளக்குகிறதேயன்றிப் பொறுப்பை முற்றாகத் துடைப்பதில்லை. முடுக்குபவன் ஒருவன், கழற்றுபவன் பெரும்பாலும் வேறொருவன். வெயிற் கொட்டிலில் அமர்ந்திருக்கும் சைக்கிள் திருத்துபவனின் கைதான் அந்த இறுக்கத்துக்கு விலை கொடுக்கிறது. பள்ளி செல்லும் வழியில் வண்டி பஞ்சரான பிள்ளை, தகப்பன் முடுக்கிய நட்டோடு தெருவோரத்தில் தனித்துப் போராடுகிறது. இன்றைய என் பயத்தை நாளைய இன்னொருவரின் உழைப்பின் மீது ஏற்றிவைப்பது தகுமா என்பதே நம் வினாவின் உயிர்நிலை.

இந்த வினாவுக்கு உடப்பு மக்கள் தம் தொழிலிலேயே ஒரு விடையை வைத்திருக்கிறார்கள் என்று நமக்குப் படுகிறது. கரைவலையை அம்பாப் பாடி இழுக்கும் அக்கரையில், கயிற்றின் முடிச்சு பலர் சேர்ந்திழுக்கும் பாரத்தைத் தாங்க வேண்டும். வலை கரை சேர்ந்ததும் ஈரக்கையால் அவிழவும் வேண்டும். அவிழாத முடிச்சைக் கத்தியால் அறுக்க நேர்ந்தால் கயிறு வீணாகும். கட்டும்போதே அவிழ்ப்பவனை நினைத்துக் கட்டும் இந்த அறிவு, அதே கையில் சாவி ஏறியதும் எங்கே மறைகிறது? முடிச்சின் வரம்பைக் கண் காண்கிறது, விரல் உணர்கிறது. போல்டின் வரம்போ நட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. கருவி செய்தவன் அதனை அறிவான். ஆகவேதான் சிறிய நட்டுக்குரிய சாவியைக் குட்டையாகச் செய்தான். நாமோ அதன் பிடியில் ஒரு குழாயைச் சொருகி நீளத்தை இரட்டிக்கிறோம். நட்டின் மேல் விழும் திருகுவிசையும் இரட்டிக்கிறது.

சட்டம் செய்பவர்களும் குழாய் சொருகுவதுண்டு. 1979இல் மூன்றாண்டுகளுக்கென்று, 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதனைக் கழற்ற வேண்டும் என்று பின்னர் எழுந்த குரல்கள் எத்தனை தலைமுறைகளைத் தாண்டின என்பதை ஆசிரிய நண்பர்கள் தம் மாணவர்களோடு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

திசையைப் பற்றியும் ஒரு சொல். சைக்கிளின் இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இதை அறியாதவன் கழற்றுவதாக எண்ணி வியர்க்க வியர்க்க அதனை மேலும் முடுக்குகிறான். அவனுக்குத் தேவை கூடுதல் வலிமையன்று, ஒரு செய்தி.

பிடித்த நட்டுக்குத் திருத்துபவர்கள் செய்வது யாதெனில், மண்ணெண்ணெயில் சிறிது எண்ணெய் கலந்து மரையில் விட்டு ஓர் இரவு விடுகிறார்கள். மறுநாள் நட்டின் பக்கங்களை மெல்லத் தட்டுகிறார்கள். முதலில் ஒரு மயிரிழை முடுக்கி, துரு உடைந்த பின்னர் தளர்த்துகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் நட்டை அரத்தாலோ வாளாலோ அறுத்து அச்சைக் காப்பாற்றுகிறார்கள். நட்டு மலிவு, அச்சு அவ்வளவு மலிவன்று. புதிய நட்டைப் பூட்டுமுன் மரையிற் கிரீஸ் பூசுவார்கள். அப்போது முன்னைய பலத்தில் முடுக்கலாகாது. கிரீஸ் உராய்வைக் குறைத்துவிடுவதால் அதே பலம் போல்டைக் கூடுதலாக இழுத்துவிடும்.