குப்பி விளக்கும் குளத்து நீரும்

கல்வி கொடுக்கக் குறையாத செல்வம் என்பது தமிழ் மேடைகளில் மறுப்பின்றி ஏற்கப்படும் கருத்தாகும். மறுப்பின்றி ஏற்கப்படுவதாலேயே அது சோதிக்கப்படுவதும் அரிது. பொறியியற் பீடமொன்றின் முதலாம் ஆண்டு அக்கருத்தைக் கடுமையாகச் சோதிக்கும் இடங்களுள் ஒன்று.

மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்களிற் பெரும்பாலான மாணவர் முதலிற் பொதுப் பாடங்களைக் கற்று, அதன் பின்னரே குடிசார், இயந்திர, மின், கணினிப் பொறியியற் துறைகளுக்குப் பிரிந்து செல்வர். துறை ஒவ்வொன்றிலும் இடங்கள் எண்ணப்பட்டவை. மாணவனின் விருப்பத்தோடு அவனது பெறுபேற்றின் தரவரிசையும் சேர்ந்தே துறையைத் தீர்மானிக்கின்றது. எனவே அடுத்த கதிரையில் இருப்பவன் நண்பனாகவும் போட்டியாளனாகவும் ஒருங்கே அமைகின்றான். அவனுக்கு விளங்காத கணக்கை விளக்குவோன் தன் இடத்தையே அவனுக்கு ஈந்துவிடுதல் கூடும். அவ்வாறாயின் விளக்குதல் கடமையா, அன்றி விரும்பினாற் செய்யத்தக்க கொடையா?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் வகுப்பு 'குப்பி' எனப்படுகின்றது. குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் என்பர். வேறெங்கும் இப்பெயர் வேடிக்கையாகத் தோன்றலாம். அக்கராயன் போன்ற ஊரிலிருந்து செல்லும் மாணவனுக்கு அது வேடிக்கையன்று. 1990களில் வன்னிப் பெருநிலம் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தடை நிலவியது. சிறு போத்தலுள் பஞ்சை இட்டு, துளித்துளியாக எண்ணெய் வார்த்து, நூல்திரி ஏற்றி, அவ்வொளியில் ஒரு தலைமுறை படித்தது. ஒரு விளக்கைச் சுற்றி மூவர் நால்வர் இருந்தனர். நால்வர் படித்தமையால் ஒளி நாலில் ஒன்றாகக் குறைந்துவிடவில்லை.

அதே ஊரில் அக்கராயன்குளமும் உண்டு. அதன் நீதி வேறு. சிறுபோகத்திற்கு முன்னர் கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டத்தில் அமர்ந்து, குளத்தில் எஞ்சியுள்ள நீரின் அளவை நோக்கி, இத்தனை ஏக்கர் மட்டுமே விதைக்கலாம் எனத் தீர்மானித்துப் பங்கிடுவர். ஒருவருக்குக் கால் ஏக்கர் கூடின் இன்னொருவருக்குக் கால் ஏக்கர் குறையும். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர் மடையை அதிகம் திறந்தால் கடைசியில் உள்ள வயல் வெடிக்கும். இங்கே தாராளம் என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. பங்கு என்பதற்கே பொருளுண்டு.

பொறியியல் மாணவனின் இடர்ப்பாடு இவ்விரண்டிலும் ஒருங்கே வாழ்வதாகும். அறிவு விளக்கின் இயல்பினது; தரவரிசை குளத்து நீரின் இயல்பினது. கொடுப்பதில் நட்டமேயில்லை என்று பேசுவோர் இரண்டாவதை மறைக்கின்றனர். தன் இடத்தைக் காப்பதே அறிவுடைமை என்போர் முதலாவதை மறக்கின்றனர்.

பவணந்தியார் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே கணக்கிட்டுள்ளார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது நன்னூலின் கருத்து. தகைப்பையும் விகாரத்தையும் தொடர்புறுத்தும் சமன்பாட்டை மனனஞ் செய்தவன், "ஏன் அப்படி?" என்று நண்பன் வினவும்போதுதான் தனக்கும் அது விளங்கவில்லை எனக் காண்கின்றான். குப்பி எடுப்பவனுக்கு அறிவில் நட்டமில்லை. ஆயினும் இலாபக் கணக்கு மட்டுமே கடமையை நிறுவிவிடாது. இலாபம் இல்லாத நாளிலும் நிற்பதன்றோ கடமை!

கடமையின் வேரை வேறிடத்தில் தேடவேண்டும். உயர்தரம் வரை தமிழில் உந்தம் என்றும் தகைப்பு என்றும் கற்ற மாணவன் பொறியியற் பீடத்தில் முதல் நாளே ஆங்கில விரிவுரையைக் கேட்கின்றான். அவனுக்குப் பௌதிகம் தெரியும், மொழி தெரியாது. நகரப் பாடசாலையிற் பயின்ற வேறொருவனுக்கு அத்தடை இல்லை. அம்மொழி அவனுக்கு எங்கிருந்து வந்தது? வீடு, பாடசாலை, தனியார் வகுப்பு, போர் எட்டாத தெரு. அவன் முயன்றிருக்கிறான் என்பது மெய். முயற்சியைத் தாங்கிய நிலம் அவன் உழைத்துப் பெற்றதன்று என்பதும் மெய். 1971இல் வெளிவந்த தம் நூலில் ஜோன் றோல்ஸ் என்னும் அமெரிக்க மெய்யியலாளர், இயற்கைத் திறமைகளின் பகிர்வைச் சமூகத்தின் பொதுச் சொத்துப் போலக் கருதவேண்டும் என வாதிட்டார். திறமைக்கே அவ்வாறாயின் வாய்ப்புக்கு என் சொல்வது?

பல்கலைக்கழக அனுமதியிலும் இந்த வினா ஒளிந்திருக்கின்றது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. 1984இல் தனி மாவட்டமான கிளிநொச்சியும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. 'கோட்டாவில் வந்தவன்' என்னும் இகழ்ச்சி விடுதிகளில் இன்றும் கேட்பதுண்டு. இகழ்வோரும் இலவசக் கல்வியின் பொதுப் பணத்திலேயே படிக்கின்றனர் என்பதை யாரும் எடுத்துக் கூறுவதில்லை.

ஆகவே, குப்பியை வெறும் கொடை எனல் பொருந்தாது. பிறரின் விளங்காமையால் மட்டும் ஒருவனுக்குக் கிடைக்கும் முன்வரிசை அவனது அறிவை அளப்பதன்று. பிறரின் இருளையே அளக்கின்றது. அத்தகைய இடத்தைக் காப்பதற்காக வாய்மூடி இருத்தல் அறமாகாது.

ஆனால் கடமைக்கு எல்லை உண்டு. ஆய்வுகூட அறிக்கையைக் கொடுத்து "பார்த்து எழுது" என்பது குப்பியன்று. அங்கே விளக்கு ஏற்றப்படவில்லை. ஒளி விழுந்ததாக ஒரு தாள் மட்டும் காட்டப்படுகின்றது. அத்தாளைக் கொண்டு தேறியவன் பின்னொரு நாள் மதகுக்கோ பாலத்துக்கோ கையொப்பமிடுவான். அதன் சுமையைத் தாங்குவோர் அவன் வகுப்புத் தோழர் அல்லர். கேட்பவனுக்கும் கடமை உண்டு: தான் முயன்று தடுக்கிய இடத்தைக் கொண்டு வருதல். பரீட்சைக்கு முதல் நாள் வெறுங்கையோடு வந்து, மறுத்தவனைச் சுயநலக்காரன் என்பது உரிமையன்று, அதட்டலே.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. மூன்று இரவுகள் குப்பி எடுத்தவன் மிகச் சிறிய புள்ளி வித்தியாசத்தில் தான் விரும்பிய துறையை இழக்கக்கூடும். அவ்விழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை. நன்னூலின் அரைப்பங்கு அவன் பெறுபேற்றுத் தாளில் அச்சாவதில்லை. இதனை அறிந்திருந்தும் அவனைக் கற்பிக்குமாறு கேட்போர், குறைந்தபட்சம் அவன் ஏதோ இழக்கிறான் என்பதையாவது அறிந்து கேட்கவேண்டும். சிறுபோகக் கூட்டத்தில் கால் ஏக்கரை விட்டுக்கொடுக்கும் கமக்காரனின் பெயர் பதிவேட்டில் ஏறுகின்றது. குப்பி எடுத்தவனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.