களவு போன ஏடும் காப்பாற்றப்பட்ட கௌரவமும்

கடையில் ஒரு மூட்டை அரிசி களவு போனால், மறுநாள் காலையில் அந்த இடம் காலியாயிருப்பதைக் கண்டு முதலாளி அறிந்துகொள்கிறார். ஆனால் இரவோடிரவாக ஒருவன் உள்ளே புகுந்து, கணக்குப் பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்துக்கொண்டு, ஏட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனால் என்ன செய்வது? சரக்கு குறையவில்லை, பெட்டியில் பணம் குறையவில்லை, பூட்டும் உடையவில்லை. ஆயினும் யாரிடம் என்ன விலைக்குக் கொள்முதல், யாருக்கு எத்தனை வெள்ளி கடன், எந்தச் சரக்கில் என்ன இலாபம் என்பதெல்லாம் அயலான் கைக்குப் போய்விட்டது. பல ஆண்டு உழைப்பு பறிபோயிற்று. போனதைச் சுட்டிக்காட்டத்தான் ஒன்றுமில்லை.

இத்தகைய களவுதான் இன்று உலகத்துப் பல்கலைக் கழகங்களில் நடைபெறுகிறது. அங்கே களவு போவது ஆராய்ச்சி விபரங்கள். "இது படித்தவர்கள் பாடு, வியாபாரிகளாகிய நமக்கு என்ன?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். ஜெஞ்சாரோமிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் நம் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் செர்டாங்குக்கும் பாங்கிக்கும் போய்ப் படிக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நாளை ஆராய்ச்சி மாணவராகித் தோட்டம் தோட்டமாக, வீடு வீடாகச் சென்று நோயாளிகளின் விபரங்களையோ முதியோரின் நினைவுகளையோ சேகரிக்கக் கூடும். அதற்கு மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ ஆகலாம். அந்த உழைப்பை நொடிப்பொழுதில் ஒருவன் பிரதி எடுத்துக்கொண்டால், களவு போவது நம் பிள்ளையின் இளமைக் காலமன்றோ?

இது வெறும் கற்பனையன்று. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க அரசாங்கம் ஈரானியர் ஒன்பது பேர்மீது ஒரு குற்றச்சாட்டைத் தாக்கல் செய்தது. அமெரிக்காவில் 144 பல்கலைக் கழகங்களிலும், வேறு 21 நாடுகளில் 176 பல்கலைக் கழகங்களிலும் புகுந்து ஆராய்ச்சி விபரங்களைக் கவர்ந்தனர் என்பது குற்றச்சாட்டின் சாரம். அந்த 21 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேராசிரியர்களின் மின்னஞ்சல்களைக் குறிவைத்து, சுமார் 8,000 பேரின் கணக்குகளைத் திறந்தனர் என்றும் கூறப்பட்டது. ஈரான் அரசாங்கம் இக்குற்றச்சாட்டை மறுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படாததால், இது இன்றும் குற்றச்சாட்டாகவே நிற்கிறது.

களவு நடந்ததாகச் சொல்லப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. வேறொரு பல்கலைக் கழகப் பேராசிரியர் எழுதுவதுபோல ஒரு கடிதம் வரும். "தங்கள் கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன், இத்துடன் உள்ள கட்டுரைகளையும் பாருங்கள்" என்ற பாவனையில் அது இருக்கும். அதில் காட்டிய வழியே போனால், சொந்தப் பல்கலைக் கழகத்தின் வாசலைப் போலவே ஒரு போலி வாசல் தோன்றும். பேராசிரியர் தம் பாஸ்வேர்டை அங்கே தட்டியதும், அது திருடன் கையில் சேர்ந்துவிடும். சுவரைத் துளைக்க வேண்டியதில்லை; புகழ்ச்சிக்கு மகிழும் மனித சுபாவமே சாவியாகிவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான வாதம் எழக்கூடும். அறிவு எல்லாருக்கும் பொதுவானதன்றோ? ஒருவர் விளக்கிலிருந்து இன்னொருவர் திரி கொளுத்திக்கொண்டால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லையே? பெரிய பதிப்பகங்கள் விஞ்ஞானக் கட்டுரைகளுக்கு ஏழை நாடுகள் கொடுக்கவியலாத விலை வைத்திருப்பது மெய்தானே?

மெய்தான். அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் எழுதி முடித்து உலகத்தின்முன் வைக்கப்பட்ட கட்டுரை வேறு. இன்னும் சோதித்துக்கொண்டிருக்கும் விபரம் வேறு. முன்னது சந்தைக்கு வந்த சரக்கு. பின்னது அடுப்பில் இருக்கும் பண்டம். மேலும், ஆராய்ச்சி விபரம் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் சொந்தமன்று. தம் நோயைச் சொன்ன தாய், தம் வருமானத்தைச் சொன்ன தொழிலாளி ஆகியோர் ஒருவரை நம்பிக் கொடுத்த அமானிதம் அது. அதை அவர்களறியாமல் எடுப்பவன் ஒருவரை மட்டும் வஞ்சிக்கவில்லை.

அடுப்பில் இருந்த பண்டத்தை எடுத்ததற்கு விஞ்ஞான உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்டு பிராங்க்ளின் என்னும் பெண்மணி, உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ. என்ற பொருளை எக்ஸ்ரே கதிர்களால் ஆராய்ந்து வந்தார். 1952-ல் அவருடைய ஆய்வில் எடுக்கப்பட்ட ஒரு படம், 1953 ஜனவரியில் அவருக்குத் தெரியாமலே கேம்பிரிட்ஜில் அதே ஆராய்ச்சியில் இறங்கியிருந்த வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அவர் கண்டறிந்த அளவுகள் அடங்கிய அறிக்கையும் அங்கே போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் தங்கள் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். பிராங்க்ளின் 1958-ல் காலமானார். 1962-ல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. படம் காட்டப்பட்ட கதையை 1968-ல் வாட்சனே தம் நூலில் எழுதிய பின்னர்தான் உலகம் அறிந்தது. அது களவா, சக விஞ்ஞானிகளுக்குள் நடந்த பரிமாற்றமா என்று இன்றும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். ஆனால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை என்பதில் விவாதமில்லை. இதற்குக் கணினியும் தேவைப்படவில்லை. தூரதேசத்துத் திருடனும் தேவைப்படவில்லை.

இனி நாம் முக்கியமாக யோசிக்க வேண்டியது வேறொன்று. திருடன் எங்கும் உண்டு, என்றும் உண்டு. களவு தெரிந்த பிறகு ஸ்தாபனம் என்ன செய்கிறது என்பதில்தான் அதன் தராதரம் வெளிப்படுகிறது.

இந்தியாவின் நைனிதாலிலுள்ள குமாவூன் பல்கலைக் கழகத்தில் 2002-ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் ஸ்டான்பர்டு பல்கலைக் கழகப் பேராசிரியை ரெனாட்டா காலோஷ் 1996-ல் வெளியிட்டிருந்த பௌதிகக் கட்டுரையிலிருந்து எடுத்த பகுதிகளைக் கொண்டு, அங்கே வேறு பெயர்களில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அப்பெயர்களில் ஒன்று, துணைவேந்தராகவே இருந்த பி. எஸ். ராஜ்புத்தின் பெயர். விஷயத்தை எடுத்துப் பேசிய பௌதிகத் துறைத் தலைவிக்குப் பல்கலைக் கழகம் அளித்த வெகுமதி என்ன? பதவியிலிருந்து தற்காலிக நீக்கம்! "திருட்டு" என்று கூவியவரைப் பிடித்துக் கட்டிவைத்த கதையாயிற்று.

பின்னர் ஸ்டான்பர்டு பேராசிரியர்கள் இந்தியக் குடியரசுத் தலைவருக்கே முறையிட்டு எழுதினார்கள். அப்பதவியில் அப்போது இருந்தவர், சில மாதங்களுக்கு முன்புதான் பொறுப்பேற்றிருந்த நம் இராமேசுவரத்து டாக்டர் அப்துல் கலாம். நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை நடந்து, குற்றம் மெய்யென்று காணப்பட்டது. 2003-ல் துணைவேந்தர் ராஜினாமா செய்தார். நீதி கிடைத்தது, ஆனால் கடல் கடந்து கடிதம் வந்த பிறகே கிடைத்தது. உள்ளே இருந்து எழுந்த முதற்குரலை மதித்திருந்தால், அவமானம் ஒரு துறையின் நான்கு சுவருக்குள் தீர்ந்திருக்கும். கௌரவத்தைக் காப்பாற்றப் போய், உள்ள கௌரவத்தையும் இழந்தார்கள்.

இதற்கு மாறான உதாரணங்களும் உண்டு. முற்சொன்ன 2018-ஆம் ஆண்டு விவகாரத்தில், சிங்கப்பூரின் நான்கு பல்கலைக் கழகங்களில் குறைந்தது 52 கணக்குகள் திறக்கப்பட்டன என்பதை அந்நாட்டு அதிகாரிகள் பல்கலைக் கழகங்களின் பெயரோடும் எண்ணிக்கையோடும் பகிரங்கமாக அறிவித்தனர். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக் கழகத்தில் 2018-ன் இறுதியில் அந்நியர் புகுந்து, ஊழியர், மாணவர் பற்றிய விபரங்களை எடுத்தனர். அவை ஆராய்ச்சி விபரங்களல்ல, நிர்வாக விபரங்கள்; எனினும் களவு களவுதான். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியான துணைவேந்தர் பிரையன் ஷ்மிட் 2019 ஜூனில் தாமே முன்வந்து அதை அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில், திருடன் எந்த வழியாக வந்தான், எங்கெங்கே பதுங்கினான், தங்கள் காவல் எங்கே தளர்ந்திருந்தது என்பதையெல்லாம் விரிவான அறிக்கையாக உலகத்துக்கே வெளியிட்டார்கள். தம் வீட்டு ஓட்டையை ஊருக்குக் காட்டுவது எளிதன்று. ஆனால் அதைப் பார்த்து எத்தனையோ பேர் தங்கள் வீட்டு ஓட்டையை அடைத்துக்கொள்ள முடிந்தது.

"பிறர் குறையை மறைப்பது நற்குணமென்று நாம் போதிக்கப்படவில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. செய்தவரோடு முடிந்துபோகும் குறையை மறைப்பது பெருந்தன்மை. பிறரைப் பாதிக்கும் குறையை மறைப்பது மோசடிக்குத் துணைபோவது. இந்த வித்தியாசத்தை வியாபாரிகளுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டிய வரலாறு நாமறிந்ததே. மழையில் நனைந்தது வியாபாரியின் குற்றமன்று; நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம். ஸ்தாபனங்களுக்கும் அளவுகோல் இதுவே. களவு போனது மழை போன்றது. அதை அடியில் தள்ளி மேலே காய்ந்த தானியத்தைப் பரப்புவதுதான் பாவம்.

அறிவுத் திருட்டைப் பற்றி நம் முன்னோர் அறியாதிருக்கவுமில்லை. ஹதீஸ் கலை அறிஞர்கள், ஒரு செய்தியைச் சொல்பவர் அதை யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற தொடரைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஒருவர் மட்டுமே அறிவித்து வந்த ஹதீஸை, தாமும் அந்த ஆசிரியரிடம் நேரில் கேட்டதாகச் சொல்லிக்கொண்டவரை "ஹதீஸைத் திருடுபவர்" என்றே அவர்கள் குறித்து வைத்தார்கள். கி.பி. 1348-ல் மறைந்த திமிஷ்கு நகரத்து இமாம் தஹபி அவர்கள், குறை கூறப்பட்ட அறிவிப்பாளர்களைப் பெயர் பெயராக ஆராய்ந்து பெரும் நூலே எழுதினார்கள். இது புறம் பேசுவதாகாதா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. மக்கள் ஏமாறாமல் காப்பதற்காக, தேவையான அளவுக்கு, நீதி தவறாமல் சொல்வது புறம் பேசுவதாகாது. கடமையே என்று உலமாக்கள் தெளிவுபடுத்தினார்கள்.

"தேவையான அளவுக்கு, நீதி தவறாமல்" என்ற நிபந்தனையை நாம் மறந்துவிடலாகாது. திருடியவன் ஒருவன், ஏமாந்தவன் ஒருவன், கண்டு சொன்னவன் ஒருவன். மூவரையும் ஒரே கயிற்றில் கட்டுவது நீதியன்று. போலிக் கடிதத்தை நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்ட பேராசிரியரைச் சபையில் நிறுத்தி அவமதித்தால், அடுத்து ஏமாறுகிறவர் வாயைத் திறக்கவே மாட்டார். திருடனுக்கு அதைவிட வேறென்ன உதவி வேண்டும்?

இது நம் கடைக்கும் பொருந்தும். இன்று நம் கணக்கு, கடன் பாக்கி, வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண் யாவும் கணினியில் இருக்கின்றன. மலேசியாவின் தனிநபர் விபரப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் முதல், குறிப்பிடத்தக்க பாதிப்பு உண்டாக்கக்கூடிய விபரக் களவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிப்பது வியாபார ஸ்தாபனங்களின் கடமையாகிவிட்டது. சட்டம் இவ்வளவுதான் செய்யும். கடைச் சிப்பந்தி ஒருவன், "முதலாளி, தவறான இடத்தில் நம்பரைத் தட்டிவிட்டேன்" என்று நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது, நாம் அவனை ஏசி வேலையை விட்டு நீக்குகிறோமா, அல்லது "நல்லவேளை, சொன்னாய் தம்பி" என்று உடனே பாங்குக்குத் தகவல் கொடுக்கிறோமா என்பதைச் சட்டம் தீர்மானிக்காது. அவன் சொல்லாமல் மறைத்திருந்தால் நாம் அறிவது பெட்டி காலியான பிறகுதான்.

கெட்ட செய்தி கொண்டுவருபவரால் விளையும் நன்மையை நம் ஊரே கண்டிருக்கிறது. 2018-ல் ஜெஞ்சாரோமைச் சூழ்ந்த பிளாஸ்டிக் புகையைச் சகித்துக்கொண்டு சும்மா இராமல், ஊரார் சிலர் அனுமதியற்ற ஆலைகளின் விபரங்களைத் தேடித் தொகுத்து அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். கோல லங்காட் வட்டாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சியிருந்தால், இன்று கெட்டிருப்பது நம் பிள்ளைகளின் சுவாசம்.

ஆகவே, கல்லூரிக்கு நம் பிள்ளைகளை அனுப்பும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்புவோம். பிறர் உழைப்பை எடுத்தாளும்போது உரியவர் பெயரைச் சொல்; உன் உழைப்போ உன்னை நம்பிப் பிறர் தந்த விபரமோ களவு போனால் அன்றே வாய் திறந்து சொல். அவர்கள் அவ்வாறு சொல்லும்போது காது கொடுத்துக் கேட்கும் பெரியவர்களாக, கடையிலும் சங்கத்திலும் பல்கலைக் கழகத்திலும் நாம் இருக்க வேண்டும். நனைந்த தானியத்தை மேலே வைத்து விற்பவனுக்கு அன்று கொஞ்சம் நஷ்டம் வரலாம். மறுநாளும் அவன் கடைக்கு ஆள் வரும்.