தூரத்துப் பார்வையும் வாசற்படிச் சலாமும்

கடையை விட்டுப் போன பின்பும் கடையிலேயே இருக்கும் வித்தை நம் முதலாளிமார்களுக்கு இப்போது கைவந்துவிட்டது. கைத்தொலைபேசியைத் தொட்டால் பெட்டியடி தெரிகிறது. இன்னொரு முறை தொட்டால் கிட்டங்கிக் கதவு. மூன்றாம் முறை தொட்டால் கடலுக்கு அப்பால் ஊர் வீட்டு முற்றமே வந்து நிற்கிறது. கேமராக்களின் காட்சியைச் சேமிக்கும் ரிக்கார்டர் பெட்டியை இணையத்தோடு இணைத்துவிட்டால் போதும். சிங்கப்பூரில் இருப்பவர் கூத்தாநல்லூரையும், பினாங்கில் இருப்பவர் கடையநல்லூரையும் பார்த்துக்கொண்டே தேநீர் அருந்தலாம்.

இதைக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். பூட்டுப் போடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. கேமரா வைப்பதும் அப்படியே. இதை எழுதுகிறவனும் மூன்று கேமரா வைத்திருப்பவன்தான். நான் கேட்பது வேறு. தூரத்தில் இருந்துகொண்டு ஓர் இடத்தைப் பார்க்கிறவன், அந்த இடத்துக்குள் நுழைந்தவனா, நுழையாதவனா?

நுழையவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். கால் இங்கே இருக்கிறது, கண்தானே அங்கே போயிற்று என்று சமாதானம் சொல்கிறோம். ஆனால் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டுச் சுவரில் இருந்த ஒரு துவாரத்தின் வழியே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்த செய்தியை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அந்த மனிதர் காலை உள்ளே வைக்கவில்லை. ஆயினும் அவர் பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் கையிலிருந்த சீப்பினாலேயே அவர் கண்ணைக் குத்தியிருப்பேன் என்னும் அளவுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் முறை விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்றும் தெளிவுபடுத்தினார்கள். அப்படியானால் கண் நுழைந்தால் ஆள் நுழைந்தது போலத்தான். இன்றைய துவாரத்துக்குக் கண்ணாடி வில்லை பொருத்தியிருக்கிறோம், அவ்வளவே.

அடுத்தவர் வீட்டைப் பற்றியல்லவா அந்தப் பேச்சு, இது என் கடை, என் வீடு என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புத்தான். திருமறையே இதற்கு இடம் தருகிறது. அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பிறர் வீட்டில் அனுமதியும் சலாமும் இன்றி நுழைவதைத் தடுக்கிறது. இரண்டு வசனம் தள்ளி 29இல், எவரும் குடியிராத, நம் பொருள்கள் இருக்கின்ற கட்டடங்களில் நுழைவது குற்றமல்ல என்று சொல்லப்படுகிறது. இதற்குக் கடைகளையும் சத்திரங்களையும் உதாரணம் காட்டிய விரிவுரையாளர்கள் உண்டு. ஆகவே அரிசி மூட்டை அடுக்கிய கிட்டங்கியை நள்ளிரவில் நூறு முறை பாருங்கள். மூட்டைக்கு வெட்கம் கிடையாது. ஆனால் கடைக்குப் பின்னறையில் சிப்பந்திகள் உண்கிறார்கள், சட்டை மாற்றுகிறார்கள், கால் நீட்டிப் படுக்கிறார்கள். வாடகை நீங்கள் கொடுத்தாலும் அந்த நேரத்துக்கு அது அவர்களுடைய வீடு.

எனக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவர் மகள் கலியாணத்துக்காக ஊர் போயிருந்தார். பந்தல்காரனிடம் பேசிக்கொண்டே சிங்கப்பூர்க் கடையைக் கைத்தொலைபேசியில் பார்த்தார். ஊரில் அப்போது மணி பதினொன்றரை, கடையில் பிற்பகல் இரண்டு. பதினேழு ஆண்டு வேலை செய்த சிப்பந்தி பெட்டியைத் திறந்து சில நோட்டுகளை எடுத்துத் தம் சட்டைப் பையில் வைத்தார். முதலாளிக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் நின்ற மைத்துனரிடம் சொன்னார். மைத்துனர் இன்னொருவரிடம் சொன்னார். அஸர் தொழுகைக்குள் கடலின் இரு கரைக்கும் செய்தி தெரிந்துவிட்டது.

மாலையில் தொலைபேசியில் விசாரித்தபோது சிப்பந்தி சொன்னது இவ்வளவுதான்: “காலையில சாமான் லாரி வந்துச்சு முதலாளி. பெட்டியில சில்லறை பத்தல. என் காசப் போட்டுக் கொடுத்தேன். அதத்தான் எடுத்தேன். நோட்டுல எழுதியிருக்கேன்.” எழுதித்தான் இருந்தார். கேமராவுக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. காலையில் அவர் தம் பையிலிருந்து பணம் கொடுத்த காட்சியும் அதே ரிக்கார்டரில்தான் இருந்தது. பின்னோக்கி ஓட்டிப் பார்க்க முதலாளிக்குத் தோன்றவில்லை. ஊரிலிருந்து திரும்பி, மனம் கேளாமல் தேடியபோது அது அழிந்திருந்தது. நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓயாமல் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 86 கிகாபைட் ஆகும். 1 டெராபைட் வட்டு பதினோரு நாள் தாங்கும். பிறகு பழையதன்மேல் புதியது ஏறிவிடும். இவர் திரும்பியது இருபதாம் நாள். சிப்பந்தியோ அதற்குள் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் போய்விட்டார்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் மூன்று விலக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: மிகுந்த சந்தேகம், துருவித் துருவி ஆராய்தல், புறம் பேசுதல். சந்தேகப்பட்டவன் உளவு பார்ப்பான், உளவு பார்த்தவன் வெளியே போய்ப் பேசுவான் என்று இந்த வரிசையை நாம் விளங்கிக்கொள்வது வழக்கம். இந்தக் கருவி வரிசையையே மாற்றிவிட்டது. அந்த வணிகருக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. சும்மா பார்த்தார், பார்த்ததால் சந்தேகம் பிறந்தது, சந்தேகம் பேச்சாயிற்று. சும்மா பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று இப்போது எனக்குப் படுகிறது.

உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டுச் சுவரேறி உள்ளிருந்தவரைத் தவறோடு பிடித்ததாகவும், அந்த மனிதர், “நான் செய்தது ஒரு தவறு, தாங்கள் செய்தவை மூன்று” என்று எண்ணிக் காட்டியதாகவும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, சலாம் சொல்லாதது ஆகியவையே அந்த மூன்று. கலீஃபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்களாம்.

வாசல் என்ற சொல்லில் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ரிக்கார்டரை வெளியிலிருந்து பார்க்க வழி செய்பவர்கள் பலர், ரௌட்டரில் ஒரு ‘போர்ட்’டைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது வீட்டின் புறவாசல். முதலாளிக்கு மட்டும் திறக்கும் வாசல் அல்ல, உலகத்துக்கே திறக்கும் வாசல். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றாமல் விட்டால் அந்த வாசலுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. 2016இல் ‘மிராய்’ என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு சோடிகளை மட்டும் முயன்று பார்த்தே ஏராளமான கேமராக்களையும் ரிக்கார்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பல மணி நேரம் முடங்கின. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் உள்ளறைக் காட்சிகளே திருடப்பட்டு இணையத்தில் விலைபோன செய்தியைப் படித்துப் பலர் பதறினோம். பதறியவர்களில் எத்தனை பேர் அன்றிரவு தம் பாஸ்வேர்டை மாற்றினார்களோ!

பெட்டியில் ஒட்டியுள்ள குறியீட்டைக் கைத்தொலைபேசியால் படித்து, தயாரிப்பாளரின் செயலி வழியே பார்ப்பது எளிது. போர்ட் திறக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டுக் காட்சிக்கு இடையில் ஓர் அந்நியரின் கணினி நிற்கிறது. வி.பி.என். அமைத்து முதலில் வீட்டு இணைப்புக்குள் சென்று, பிறகு ரிக்கார்டரைத் திறப்பதே நல்லது. எதுவானாலும் நிர்வாகப் பாஸ்வேர்டைப் பொருத்துகிறவரிடம் விட்டுவைக்கலாகாது. வேலை முடிந்த அன்றே, அவர் போன பின்பு, நம் கையால் மாற்ற வேண்டும். பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி அதையே கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சாவியை அமானிதம் என்போம், இதுவும் சாவிதான்.

பிறகு சலாம். சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண் இருக்கும் வீட்டில் கேமரா வைத்தால் அவரிடம் அதைச் சொல்ல வேண்டும், அவர் உறங்கும், உடை மாற்றும் இடத்தில் வைக்கக் கூடாது என்று மனிதவள அமைச்சு கூறுகிறது. அமைச்சு சொல்லித்தானா நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? அந்நூரின் 58ஆம் வசனம், வீட்டுக்குள்ளேயே நடமாடும் பணியாளரும் சிறுபிள்ளைகளும் கூட அனுமதி கேட்க வேண்டிய மூன்று நேரங்களைக் குறிக்கிறது: ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் மேலாடை களையும் நேரம், இஷாவுக்குப் பின். கேட்டு வரவேண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பவர்கள்! இவர்களுக்கே இப்படியென்றால் கடலுக்கு அப்பாலிருந்து வரும் கண்ணுக்கு? எந்த நேரம் எந்தக் கேமரா இயங்கலாம் என்று அட்டவணை வைக்கப் பெரும்பாலான ரிக்கார்டர்களில் வசதி உண்டு. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

நண்பர் ஒருவரின் உம்மா ஊரில் தனியாக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முன்பு ஒருமுறை விழுந்து, நெடுநேரம் எவரும் அறியாமல் கிடந்தார். அதன் பிறகு கூடத்தில் கேமரா வைத்தார்கள். இதைத் தவறென்று யார் சொல்வார்? ஒரு நாள் நண்பர் கைத்தொலைபேசியில் பார்த்தபோது படம் இருண்டு கிடந்தது. பதறிப்போய் அழைத்தார். உம்மா நிதானமாகவே பேசினார். லுஹர் தொழுதுவிட்டுப் படுக்கும் நேரம், கேமராமேல் துண்டைப் போட்டிருக்கிறாராம்.

“நீ பாக்குறது எனக்குச் சந்தோஷந்தான் வாப்பா. இப்ப யார் யாரு பாக்குறீங்க? அதச் சொல்லு.”

நண்பர் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். தாம், கோலாலம்பூரில் காக்கா, துபாயில் தம்பி, சென்னையில் தங்கையின் மாப்பிள்ளை. கேமரா பொருத்திய பையனிடமும் அந்தப் பாஸ்வேர்டு இருந்தது.