நடக்காததின் கணக்கு

செய்து காட்டியவனைப் புகழ வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. தடுத்தவனைப் பற்றிப் பேசத்தான் திணறுகிறோம். அவன் காரியம் கைகூடினால் எதுவும் நடப்பதில்லை. நடக்காத ஒன்றை எந்தக் கணக்கில் வைப்பது?

இந்தக் கேள்வி எனக்கு ஸ்தூலமான உருக்கொண்டது சங்கர் லட்சுமண் என்ற ஹாக்கி கோல்கீப்பரின் வாழ்க்கையில். இந்தூரை அடுத்த மாவ் என்ற கண்டோன்மென்ட் ஊரில் 1933இல் பிறந்தவர். 1947இல் ராணுவத்தில் பாண்டு வாத்தியக்காரராகச் சேர்ந்து, மராட்டா இலகு காலாட்படையில் கேப்டனாகி 1979இல் ஓய்வு பெற்றார். இடையில் 1956, 1960, 1964 என்று மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் இந்திய கோலைக் காத்தார். மூன்றிலும் எதிரணி பாகிஸ்தான். மூன்றும் ஒன்றுக்குப் பூஜ்யம். மெல்போர்னிலும் டோக்கியோவிலும் இந்தியா வென்றது, ரோமில் தோற்றது. ஆக, மூன்று இறுதியாட்டங்களிலும் சேர்த்து அவரைத் தாண்டிப்போன பந்து ஒன்றே ஒன்று. அதை அடித்த நசீரின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. தாண்டாமல் நின்ற பந்துகளுக்கு ஸ்கோரில் இடமில்லை.

இங்கே ஒரு சிக்கல். பூஜ்யம் நம்பத்தகுந்த சாட்சி இல்லை. 1956இல் மெல்போர்னில் இந்தியா 38 கோல்கள் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. அந்தப் பூஜ்யத்தில் கோல்கீப்பரின் உழைப்பு எவ்வளவு, பந்து அவர் பக்கம் வராததால் விளைந்தது எவ்வளவு? 1958 ஆசியப் போட்டியில் பாகிஸ்தானுடன் ஆடிய ஆட்டத்தில் இரு தரப்பிலும் கோல் இல்லை. கோல் சராசரியில் தங்கம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. பாடுபட்டுக் காத்த பூஜ்யமும் சும்மா கிடைத்த பூஜ்யமும் ஏட்டில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

நான் இருக்கும் கிளியூர்ப் பக்கம், சேர்வராயன் மலையில், கோடைக்கு முன் சருகை வாரித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். தீ வராத வருஷம் கோடு வெட்டிய கூலி தண்டம் என்று தோன்றும். தீ வந்து அந்தக் கோட்டில் நின்றுபோனதைப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கூலியின் அர்த்தம் தெரியும்.

பார்த்தவன் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, தடுத்தலை மட்டும் ஓர் அறமாக உயர்த்திப் பிடித்தால் அது ஆபத்தில் கொண்டுவிடும். "நாங்கள் இருந்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை" என்பது எல்லா அதிகாரங்களுக்கும் பிடித்தமான வாக்கியம். 1975இல் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தவர்களும் வரவிருந்த குழப்பத்தைத் தடுத்ததாகவே சொன்னார்கள். வராத பந்தைத் தடுத்ததாகச் சொல்பவனை மறுக்க வழியே கிடையாது. கோல்கீப்பரின் நிலை வேறு. பந்து மெய்யாகவே வருகிறது. பலர் கண்ணெதிரில் அவன் உடம்பில் பட்டு நிற்கிறது. ராணுவத்தானாகவும் இருந்த லட்சுமணுக்கு இரண்டு தொழில்களுமே காவல்தான். ஆனால் மைதானத்தில் செய்த காவலுக்குத்தான் அத்தனை கண்கள் சாட்சி.

செய்தவன் தன் செயலைக் காட்டிக்கொள்ளலாம். தடுத்தவனால் அது முடியாது. விழாத கோலை அவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? ஆகவே அவன் பொருட்டுப் பேசும் கடமை பார்த்தவர்கள் மேல் விழுகிறது. இதை நன்றி, உபகாரம் என்ற தளத்தில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. உண்மையைச் சொல்வதில் சேர்ந்த ஒரு கடமை இது.

லட்சுமணுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது, பத்மஸ்ரீ கிடைத்தது. 1966இல் அவர் தலைமையில் இந்தியா பாங்காக்கில் ஆசியத் தங்கத்தை வென்றது. கடைசிக் காலம் நோயிலும் பணமுடையிலும் கழிந்தது. 2006 ஏப்ரலில், கால் அழுகி, பிறந்த ஊரிலேயே இறந்தார். விருதுகள் பேரேட்டில் பதிவாகின்றன. பேரேடு யாருக்கும் சாட்சி சொல்வதில்லை. கண்டவர்கள் வாய்மூடிப் போகிற இடத்தில், வராத பந்தைத் தடுத்ததாகச் சொல்பவர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.