உப்பளமும் ஊழ்வினையும்

திருமறைக்காடாகிய வேதாரணியத்தைச் சூழ்ந்த கடற்கரையிலும் தூத்துக்குடிக் கரையிலும், சில ஏக்கர் உப்பளத்தை வைத்துக்கொண்டு, மனைவி மக்களோடும் கூலியாட்கள் சிலரோடும் தொழில் நடத்துவோர் உளர். அவர்தம் முதல் முழுவதும் வானத்தின்கீழ்த் திறந்து கிடப்பது. திருவருளும் உயிரின் முயற்சியும் யாங்ஙனம் இயைந்து நிற்கும் என்னும் வினாவை நூல் வல்லார் நெடிது வாதிப்பர். உப்பளத்தானுக்கோ அவ்வினா ஆண்டுதோறும் பணக்கணக்காகவே வந்து நிற்கின்றது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரப்புக் கட்டிப் பாத்தித் தரையை மிதித்து இறுக்குவர். கடல்நீரையேனும் நிலத்தடி உவர்நீரையேனும் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலிற் காயவிடுவர். போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகை காட்டும் கடல்நீர், 25 பாகையளவில் முதிர்ந்த பின்னரே உப்பு மணியாகும். அதற்குமுன் சுண்ணச்சத்து முந்திய பாத்திகளிற் படிந்து ஒழியும். 30 பாகையை அணுகியும் எஞ்சிய நீரை வெளியேற்றாவிடின், மக்னீசிய உப்புக்கள் கலந்து விளைவு கசக்கும். பருவம் அறியாது அவசரப்படுவோனும் சோம்பியிருப்போனும் ஒருங்கே கெடுவர். மலபரிபாகத்தைப் பற்றி மாணவர்க்குக் கூறுவோர் இப்பாத்திகளை ஒருமுறை காட்டுவாராயின் பாதிச் சொல் மிச்சமாம்.

உப்பை விளைப்பது வெயிலும் காற்றுமே. அளத்தான் ஒரு மணியையும் படைத்தானல்லன். ஆயினும் அவன் வாராவிடில் குவியல் இல்லை. ஞாயிறு தான் விகாரப்படாது நிற்க, அதன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்தலும் ஒன்று வாடுதலும் சித்தாந்தத்திற் பயிலும் உவமை. உப்பை முதிர்விக்கும் அவ்வெயிலே அயலூர்க் குளத்தை வற்றச் செய்கின்றது.

இனி, சித்திரையில் ஓரிரவு பெய்த கோடைமழை பாத்தியிலுள்ளதை யெல்லாம் கரைத்துவிட்டது என்று கொள்வோம். வாரிக் குவித்துப் பனையோலை வேய்ந்த உப்பு பெரிதும் பிழைக்கும். வாராது விட்டதே போகும். ஆகவே 'ஊழ்' என்று பெருமூச்செறியுமுன், முந்தாநாளே வாரியிருக்கலாகாதோ என்று வீட்டிலுள்ளாள் கேட்பின், அவ்வினா முறையானதே. மடியால் வந்ததை ஊழின் தலையிற் சுமத்துதல் பொய்.

மடியின்றி உழைத்தும் இழந்தான் எனின், அவ்விழப்பைப் பிராரத்தம் என்று பொறுத்தல் தகும். ஆனால், மறுநாட் கூலி கேட்டு வந்தோரிடம், "எல்லாம் அவன் செயல், எனக்கில்லை, உனக்கும் இல்லை" என்கின்றானே, இது தகுமோ? வேலையாளின் பட்டினியும் அவன் வினைநுகர்ச்சியே அன்றோ எனின், அது பொருந்தாது. வினை சடமாதலின் அதன் பயனைக் கூட்டுவிப்பான் இறைவன் ஒருவனே என்பது நம் சமயத் துணிபு. அப்பணியை உப்பளத்தான் தன் கையில் எடுத்துக்கொண்டது எவ்வதிகாரத்தால்? மழை பிராரத்தமாகலாம், கூலி மறுத்தல் அவன் இன்று புதிதாய் ஈட்டும் ஆகாமியமேயாம். ஊழென்பது தன் துன்பத்தை நோக்கித் தான் கூறிக்கொள்ளற்குரிய சொல். பிறன் பசியை நோக்கிக் கூறின் கொடுமையாம்.

'எல்லாம் அவன் செயல்' என்பது இறைபணி நின்றார் வாய்மொழி. விளைந்த ஆண்டில் "என் உழைப்பு" என்றும், கரைந்த ஆண்டில் "அவன் செயல்" என்றும் உரைப்பான் அந்நிலையினன் அல்லன். இலாபத்திற் பங்கு தராத இறைவனை நட்டத்திற்கு மட்டும் கூட்டாளியாக்குகின்றான். கடலின் உப்பு நீரைப் பற்றுமன்றி, நீர்க்கு இடமாகிய வெளியைப் பற்றாது என்னும் கருத்தமைந்த மெய்கண்டார் உவமையை இவன் போல்வார்க்கே நினைவூட்டல் வேண்டும். மாசு உயிரின்பாலது, அதனை இறைவன்மேல் ஏற்றலாகாது.

கையிற் பொருளில்லாதான் தவணை கேட்டல் வேறு. கடனே இல்லையென்றல் வேறு. மனைவியின் வளையலை அடகு வைத்துப் பாதிக் கூலியேனும் தருவோரும் அக்கரைகளில் உண்டு. தந்தை அதனை எண்ணிக் கொடுப்பதைப் பாத்தி வரப்பில் நின்று பார்க்கும் மகனுக்கு அவ்விழப்பும் ஒருவகை முதலே. ஐப்பசி மழை தொடங்கிய பின் அளத்தில் வேலையில்லை. கால் வெடித்து உப்பு வாரிய அவ்வாட்களின் வீட்டில் அப்போது உலை ஏறுவது இந்நிலுவைக் கூலியினாலேயாம்.